தடை உண்டா என்று கேட்டபோது

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. சபையில் சின்னவர், பெரியவர் எல்லாரும் தோமா என்றுதான் கூப்பிட்டார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரையே காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்ற சீடனின் பெயர். அந்தச் சீடனாவது ஒரு தடவையோடு அடங்கினான். நம்முடைய தோமா அடங்குகிற ஆள் இல்லை. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்காரி பூட்டியிருந்தால் நாலு தரம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மருந்து வாங்குவார். போதகர் பிரசங்கத்தில் வசன எண் சொன்னால், இவர் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்ப்பார். ஒரே ஒரு முறை போதகர் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எண் சொல்லும்போதெல்லாம் அவருடைய கண் தன்னால் மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விடும்.

ஆளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்த வேலை அப்படி. அவர் லிஃப்ட் பரிசோதகர். பத்துப் பேர் ஏறலாம் என்று லிஃப்டுக்குள் பலகை இருக்கும். பலகையை நம்பி அவர் கையெழுத்துப் போட முடியாது. லிஃப்டைத் தூக்கும் கம்பி வடத்தைப் பழந்துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாமல் ஒற்றைக் கம்பி அறுந்திருந்தாலும் துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். பிரேக்கைப் பார்ப்பார், கதவுப் பூட்டைப் பார்ப்பார், அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியும் பார்ப்பார். முப்பது வருஷத்தில் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டவர் இல்லை.

இப்படிப்பட்டவர் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினால் வீடு என்ன பாடுபடும்? ஒரே மகள். முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். பல் செட் செய்கிற லேபில் வேலை. பிளாஸ்டரில் அச்செடுத்து, மெழுகில் ஈறு பிடித்து, ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவள் கை வேலை. ஆறு வரன்களை வேண்டாம் என்று தள்ளியவள் ஏழாவதுக்குச் சரி என்றாள். தோமாவுக்கு முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது. ஆறுக்கு வராத சரி ஏழுக்கு எங்கிருந்து வந்தது?

மாப்பிள்ளை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரிக்கு மேற்பார்வையாளர். முப்பத்தாறு வயது. குடி இல்லை, புகை இல்லை. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம் மாமா" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டான். தோமா பழைய வீட்டுச் சொந்தக்காரரை விசாரித்தார், பழைய வேலையிடத்தை விசாரித்தார், தலைமுடி வெட்டுகிறவரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவரை வாட்டியது. குறையே இல்லாத லிஃப்டை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பார்கள். போதகர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் படித்துவிட்டு, இவர்கள் சேரத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்பார். அப்புறம் நாலு நொடி சும்மா நிற்பார். அந்த நாலு நொடியில் யாராவது தும்மினால்கூட மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. மூன்றாம் அறிக்கையும் தடையில்லாமல் கழிந்தால் அடுத்த சனிக்கிழமை கல்யாணம்.

முதல் ஞாயிறு. பாட்டுக் குழுவின் முன் வரிசையில் பாப்பா நின்றாள். அவளுக்கு நேர் பின்னால் ஆல்ட்டோ நின்றாள். தடித்த குரலில் ஆல்ட்டோ என்கிற இரண்டாம் சுதி பாடுவதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பெற்றவர்கள் எங்கோ தூரத்து ஊரில் இருந்தார்கள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று தோமா கேட்டதில்லை. ஊரில் எல்லாரையும் குடைந்தவர் அவளை மட்டும் குடையவில்லை. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவளுக்குத் தோமா வீட்டில்தான். அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வந்த புதிதில் ஒருநாள் அவளுடைய வேனுக்கு அடியில் படுத்து பிரேக்கைப் பார்த்தார், ஒழுங்காக இருந்தது. அதோடு அவள் மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

பெயர்கள் வாசிக்கப்பட்டபோது தோமா மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பெண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். கல்யாண அறிக்கை வாசிக்கும்போது தரையைப் பார்க்கிற மாப்பிள்ளை எதையோ மறைக்கிறான் என்று தோமா முடிவு கட்டினார். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்குப் பரிசோதனை அடுத்த மாதம் வர வேண்டியது. அலுவலகத்தில் ஏதோ காரணம் சொல்லி அந்தப் புதன்கிழமைக்கே மாற்றிக்கொண்டார்.

லாண்டரி அடித்தளத்தில் இருந்தது. துணி வண்டிகள் ஏறி இறங்கும் லிஃப்டின் வாசல் அதற்கு எதிரேயே. காலையெல்லாம் அந்த வாசலில் நின்று பிரேக்கைப் பார்ப்பது போல் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வெந்நீர் ஆவிக்கு நடுவே விரிப்புகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தான். வேறு ஒரு மண்ணும் இல்லை. மதியம், லிஃப்ட் ஓடாது என்று பலகை மாட்டிவிட்டு, மெக்கானிக்கை மேலே மெஷின் ரூமுக்கு அனுப்பிவிட்டு, டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். மேலே கதவு மூடிக்கொண்டது. சாப்பாட்டு நேரம், லாண்டரி மெஷின்கள் நின்றிருந்தன.

காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர். கதவுக்கு அந்தப் பக்கம், அவர் தலைக்கு மேலே வந்து நின்றார்கள்.

"இங்க யாரும் வர மாட்டாங்க, லிஃப்ட் ஓடல" என்றது மாப்பிள்ளையின் குரல்.

வளையல் சத்தத்தில் கூட இருப்பது ஒரு பெண் என்பது தெரிந்ததும் தோமா டார்ச்சை அணைத்தார். ஒட்டுக்கேட்பது பாவம் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பரிசோதனை என்று பெயர் வைத்துக்கொண்டார். அகப்பட்டான் பையன் என்று மனசு துள்ளியது. அந்தப் பெண் வாய் திறந்ததும் துள்ளல் நின்றது. பேசியது பாப்பா. புதன்கிழமைகளில் அவள் அந்த ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குச் செட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பாள். அது தெரிந்திருந்தும் அவருக்கு ஞாபகம் இல்லை.

"நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் பாப்பா. "உங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல. நான் விரும்பறது ஒரு பொண்ண. ஆறு வருஷமா. நீங்க அவளப் பாத்திருக்கீங்க. பாட்டுக் குழுவுல என் பின்னால நிப்பா."

மாப்பிள்ளை மெதுவாகப் பேசினான். தான் ஏற்கெனவே இரண்டு இடத்தில் சம்பந்தம் தட்டிப்போனவன் என்றான். தானாக வேண்டாம் என்று சொன்னால் தன் அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவாள், காரணம் கேட்டால் எதைச் சொல்வது என்றான். குரலில் கோபமே இல்லை. உங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லலாமே என்று கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியும். அவங்க அழுததுனாலதான் சரின்னேன். அப்பா வேற. எதையும் தொட்டுப் பாத்துத்தான் நம்புவாரு. இத நான் எப்படித் தொட்டுக் காட்டறது? அவரோட சந்தேகம் நேரா அவ மேல போகும். அவளுக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது எங்க வீட்டு ஒரு வேளச் சாப்பாடு. அதுவும் போயிடும்."

தோமாவின் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. மேலேயிருந்து மெக்கானிக். அவர் அதை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு மூச்சை அடக்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இவர் கிணற்றுக்குள்ளேயே இருந்தார், எங்கே ஓடுவது? காலடிகள் போன பிறகும் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மகள் தன்னிடம் சொல்லாததுதான் முதலில் வலித்தது. எல்லாருடைய குட்டையும் கண்டுபிடிக்கிறவர் என்று பேர் எடுத்தவர், தன் வீட்டு மேஜையில் ஆறு வருஷமாகப் பரிமாறப்பட்டதைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரியைச் சமையலறையில் பிடித்தார். அவள் மறைக்கவில்லை. நாலு வருஷமாகத் தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டாள். கல்யாணம் ஆனால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும், அதற்காகத்தான் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன், வாயை வைத்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் போதும் என்றாள். சொல்லும்போது அழுதாள். அவளும் மகளுக்குக் கெட்டது நினைப்பவள் இல்லை.

மகள் போட்ட கணக்கு அச்சுப் பிசகவில்லை. தோமாவின் சந்தேகம் நேரே ஆல்ட்டோவிடம் போனது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்று மனசுக்குள் திட்டினார். என்ன சொல்லி மகளை மயக்கினாளோ, பெற்றவர்கள் சும்மாவா ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று என்னவெல்லாமோ நினைத்தார். நினைத்ததையெல்லாம் இங்கே எழுதினால் அவருக்கே வெட்கமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை வேன் நிறுத்துமிடத்துக்குப் போனார். ஆல்ட்டோ முழங்கால் வரை பேன்ட்டை மடித்துவிட்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஏதாவது இருக்குமோ என்று பார்த்தார்.

தனக்கு எல்லாம் தெரியும் என்றார். பாப்பா நல்லாயிருக்க வேண்டுமென்றால் நீ விலகிக்கொள், சபைக்கும் வீட்டுக்கும் வராதே, போனிலும் பேசாதே, இது நான் சொன்னதாக அவளுக்குத் தெரியவும் கூடாது என்றார். அவள் அழுவாள், வாதாடுவாள் என்று எதிர்பார்த்து ஏழெட்டுப் பதில்களைத் தயார் செய்து வந்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. ஆல்ட்டோ தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"சரி அங்கிள்" என்றாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும். அவ வேலைல மாஸ்க் போட மாட்டா. பிளாஸ்டர் தூசி உள்ள போய் சாயங்காலமானா இருமுவா. கேட்டா இல்லைன்னு சாதிப்பா. இதுவரைக்கும் நான் சத்தம் போட்டுட்டு இருந்தேன். இனிமே நீங்க பாத்துக்கங்க" என்றாள்.

இது ஏதோ தந்திரம் என்றே தோமா நினைத்துக்கொண்டு திரும்பினார். அடுத்து என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று காத்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் அவரைக் குடைய ஆரம்பித்தது.

இரண்டாம் ஞாயிறு பாட்டுக் குழுவில் பாப்பாவுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அறிக்கை வாசித்தார்கள், நாலு நொடி கழிந்தது, யாரும் எழவில்லை. பிறகு பாட்டு. பாப்பாவின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து அது நன்றாகவே தெரிந்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆல்ட்டோவின் நாற்காலியை யாரும் நகர்த்தவும் இல்லை, உட்காரவும் இல்லை. போன் எடுக்கவில்லை, வீட்டுக்குப் போனால் கதவும் திறக்கவில்லை என்று பாப்பா சொன்னாள். உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று வீட்டுக்காரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பரிமாறினாள். தோமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். சாயங்காலம் அடுத்த அறையிலிருந்து இருமல் கேட்டது. கேட்டுவிட்டதே என்று இருந்தது அவருக்கு.

செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போனார். வெண்தூசி படிந்த மேஜை, வரிசையாக வாயைத் திறந்துகொண்டு ஆளில்லாத பல் அச்சுகள், நடுவே குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த மகள். முகத்தில் மாஸ்க் இல்லை, கழுத்தில் தொங்கியது. ஆல்ட்டோ சொன்னது உண்மை. அவர் மாஸ்க்கை எடுத்து மகளின் காதில் மாட்டிவிட்டார். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அப்பா இங்கே வருகிறவர் இல்லை, இதைக் கவனிக்கிறவரும் இல்லை. யார் சொன்னது என்று அவள் கண் கேட்டது, வாய் கேட்கவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஒன்று புரிந்தது. விலகிப் போ என்று துரத்த வந்தவனிடமே, அவளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டவள் அவள். தன்னுடைய மகளை அப்படி நேசிக்கிற இன்னொரு ஆளைத் தேடி அவர் ஏழு வரன் பார்த்திருந்தார்.

சனிக்கிழமை போதகர் கூப்பிட்டு அனுப்பினார். மூன்றாம் அறிக்கைக்கு முன் பெண்ணின் அப்பா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் அறிவுக்கு எட்டியவரை இந்த விவாகத்துக்குத் தடையில்லை என்று ஒரு வரி, கீழே கோடு. தோமா பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"மாப்பிள்ளை மேல இன்னும் சந்தேகம் தீரலையா?" என்று போதகர் சிரித்தார்.

"ஐயா, ஒரு வீட்டுல பிள்ளை வேற மாதிரி இருந்தா, அந்த வீட்டுல என்ன செய்யணும்?"

எந்த வீடு, எந்த மாதிரி என்று போதகர் கேட்கவில்லை. அவர் கேட்காததைத் தோமா கவனித்தார். போதகர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சபைச் சட்டத்தைக் கேட்டா எழுதி வச்சிருக்கு, படிச்சுக் காட்டுவேன். என்னைக் கேட்டா எனக்கு முழுசாத் தெரியல தோமா. இதே நாற்காலியில உக்காந்து இதையே கேட்ட அப்பாக்கள்ல நீங்க மூணாவது. முதல் ரெண்டு பேருக்கும் சட்டத்தைத்தான் படிச்சுக் காட்டினேன். அந்த ரெண்டு பிள்ளைங்களும் இப்ப எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. காணாமப் போன ஆட்டத் தேடிப் போகணும்னு வருஷா வருஷம் பிரசங்கம் பண்றவன் நான். தேடிப் போகல."

சொல்லிவிட்டு அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷர் எண்ணைத் தப்பாகச் சொன்னதற்காக எத்தனை வருஷம் இவரை மிரட்டியிருக்கிறோம் என்று தோமாவுக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றார். போதகர் படிவத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். ஏன் நாளைக்கு என்று கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா புதுத் துணியில் வந்திருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பாப்பா முன் வரிசையில் நேராக நின்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை. தன் மகள் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் தோமா அதுவரை பார்த்ததில்லை.

போதகர் பெயர்களை வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நாலு நொடி. மூன்றாவது நொடியில் தோமா எழுந்து நின்றார்.

"தடை இருக்கு, ஐயா."

மொத்தச் சபையும் திரும்பியது. வீட்டுக்காரி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

அதுவரைதான் தோமா யோசித்து வைத்திருந்தார். எழுந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர், நின்ற பிறகு என்ன சொல்வது என்று முடிவு செய்யவில்லை. பொய் அவருக்கு வராது. உண்மையைச் சொன்னாலோ, மகளை இத்தனை பேர் நடுவில் நிறுத்தினதாகிவிடும். அவள் எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய விஷயம். பாப்பா தலையை மெல்ல ஆட்டுவதைப் பார்த்தார். வேண்டாம் அப்பா என்பது போல இருந்தது.

"பொண்ணோட அப்பா நான். எனக்குச் சம்மதமில்ல. மாப்பிள்ளை மேல ஒரு குறையும் இல்ல. பொண்ணு மேலயும் ஒரு குறையும் இல்ல. சரியாப் பாக்காம நான் சரின்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது."

பின்னால் யாரோ, "தோமா புத்தி போகுமா?" என்றார். சிரிப்பு ஒன்று கிளம்பி பெஞ்சுக்குப் பெஞ்சு பரவியது. தங்கமான மாப்பிள்ளை, அவன் மேலயும் இவருக்குச் சந்தேகம் பாரு என்று ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள். யாரும் பாப்பாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். காரணம் அவர்களிடம் தயாராக இருந்தது. முப்பது வருஷமாக அவரே கொடுத்து வைத்தது. எடுத்த கெட்ட பெயர் முதல் முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு ஆயிற்று. தோமா அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நின்றார்.

தடையை ஏற்றுக்கொண்டதாகப் போதகர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எண் சரியா என்று தோமா பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தோமாவை வாசற்படியில் மறித்துத் திட்டித் தீர்த்தாள். திட்ட அவளுக்கு உரிமை உண்டு என்று அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அம்மாவை அணைத்துக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு நொடி திரும்பி, "ரொம்ப நன்றி மாமா" என்றான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பாப்பா வந்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு லிஃப்ட் குழிக்குள் இருந்தது தான்தான் என்றார். அவள் முகம் வெளுத்தது. அடுத்ததையும் சொன்னார். ஆல்ட்டோவை வரக்கூடாது என்று துரத்தியது தான், போனை எடுக்காதே என்றதும் தான்.

பாப்பா பெற்ற அப்பாவை எதிர்த்துப் பேசியறியாதவள். அன்று பேசினாள்.

"பத்து நாளா அவ வீட்டுக் கதவத் தட்டிட்டு நிக்கறேன். அவளுக்கு என்னை வெறுத்துப் போச்சுன்னு நெனச்சேன். அதான் இன்னிக்கு இங்க வந்து நின்னேன், எது நடந்தா என்னன்னு. ரெண்டு பேரையும் கொன்னு போட்டுட்டு இப்ப எழுந்து நிக்கறீங்க."

ஓங்கி அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பார். வாசலில் நின்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவள் ஓய்ந்ததும், "நான் பண்ணது பாவம் பாப்பா. மன்னிச்சுக்கன்னு கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. நான்தான் துரத்துனேன், நானே போய்க் கூப்பிடறேன். நீ கூட வா" என்றார்.

ஆல்ட்டோ குடியிருந்தது நாலாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் சரியில்லை என்று போன மாதம் மூடி வைத்ததே தோமாதான். நாலு மாடியும் ஏறினார்; ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். பாப்பா ஒரு படி பின்னாலேயே வந்தாள். அவள் இன்னும் அவரோடு பேசவில்லை.

மணி அடித்தார். கதவு கையகலம் திறந்தது. உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. இடைவெளியில் ஆல்ட்டோவின் பாதி முகம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. அடுத்து என்ன சொல்லித் துரத்தப்போகிறாரோ என்கிற பார்வை.

"சாப்பாட்டுக்கு வா" என்றார் தோமா.

"எதுக்கு அங்கிள்?"

எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கல்யாணம் நின்றுவிட்டது என்றார். நிறுத்தியது தான் என்றார். அன்று வேன் நிறுத்துமிடத்தில் தான் பேசியது அத்தனையும் தப்பு என்றார். அவள் முகம் மாறவில்லை. அவருடைய கண்ணை, வாயை, கையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவர் ஊரைப் பார்த்து வந்த பார்வை அது. அதற்கு முன்னால் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு யார்கிட்டயும் பேச மாட்டா. சமைச்சிருப்பாளான்னும் தெரியாது. இல்லன்னா நான் சமைக்கிறேன். நீ என்னை நம்ப வேணாம்மா. உன் இடத்துல நான் இருந்தா நம்பியிருக்க மாட்டேன். வந்து உக்காந்து பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்ணு."

ஆல்ட்டோ அவரைத் தாண்டி, ஒரு படி கீழே நின்ற பாப்பாவைப் பார்த்தாள். பிறகு கதவை மூடினாள்.

சங்கிலியைக் கழற்ற வேண்டுமென்றால் கதவை ஒருமுறை மூடித்தான் ஆக வேண்டும். வாழ்நாளெல்லாம் கதவுகளைச் சோதித்த மனுஷருக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. முகத்துக்கு நேரே மூடின கதவைப் பார்த்தார். இனி இது திறக்காது, இரண்டு பிள்ளைகளையும் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தார். கதவு முழுக்கத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.